சட்டநாதன் கத்தின இடங்கள்

மன்னிச்சுக்குங்கம்மா. நீங்க மூணு தரம் தட்டினீங்க, மூணும் கேட்டுச்சு. எனக்குக் காது நல்லாவே கேக்கும். கதவுக்கு இந்தப் பக்கம், இதோ இந்தச் செருப்பு ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டுதான் இருந்தேன். திறக்கத்தான் தைரியம் வரல. எழுபத்தி நாலு வயசு ஆம்பளை, பட்டப்பகல்ல, ஒரு கதவைத் திறக்க அஞ்சு நிமிஷம். சிரிங்க, பரவாயில்ல. என்னைப் பாத்துச் சிரிக்கறதுக்குன்னே சினிமாவுல எனக்குச் சம்பளம் கொடுத்து வச்சிருந்தாங்க.

உங்க மேல ஒரு தப்பும் இல்ல. கரண்ட் இல்ல, பெல் அடிக்காது, தட்டித்தான் ஆகணும். லிஃப்டும் ஓடாது, மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. ஆனா நேரத்தைப் பாருங்க. பன்னெண்டு. சரியா பன்னெண்டு மணிக்கு ஒரு பொம்பளை கதவைத் தட்டுறா. திறந்தா, கணக்கெடுப்புக்கு வந்திருக்கேன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க என்ன கேட்டீங்க? காலி பாட்டிலைக் காட்டி, 'கொஞ்சம் தண்ணி கிடைக்குமா'ன்னு கேட்டீங்க. நான் ரெண்டு எட்டு பின்னால போயிட்டேன். அது ஏன்னு சொன்னாத்தான் நான் பைத்தியம் இல்லன்னு உங்களுக்குப் புரியும். உக்காருங்க, சொல்றேன்.

நீங்க டீச்சரா? அதானே பாத்தேன், பேனாவைப் பிடிக்கிற பிடியிலயே தெரியுது. எழுதிக்குங்க டீச்சரம்மா. பேரு சட்டநாதன். சொந்த ஊரு சீர்காழிப் பக்கம். வீட்ல இருக்கறது ரெண்டு பேர், நானும் சம்சாரம் அபயாம்பாளும். பையன் துபாய்ல. சம்சாரம் கடைக்குப் போயிருக்கா. அவ மாயவரத்துக்காரி, அந்த ஊர் அம்பாள் பேரையே வச்சுட்டாங்க. என்னை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளிக்கு, பயமில்லைன்னு அர்த்தம் வர்ற பேர்ல ஒரு பொண்டாட்டி.

தொழிலா? அங்கதான் சிக்கல். உங்க ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இருக்காது. பயப்படறது. ஆமா, பயப்படறதுதான் நான் செஞ்ச வேலை. விளையாட்டு இல்ல. டைட்டில்ல 'கதை விவாதம்'னு போட்டு நாலு பேரு வரும் பாருங்க, அதுல நாலாவது பேரு.

மேசையை ஏன் பாக்கறீங்க? அந்த ரெண்டு டம்ளரா? தினம் வைக்கறதுதான். அது வேற விஷயம்.

உங்ககிட்ட இதை ஏன் சொல்றேன்னா, வர்ற திங்கக்கிழமை ஒரு ஷூட்டிங். அதுக்குள்ள நான் ஒரு பொண்ணுக்கு போன் பண்ணி ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா ஒரு நல்ல சீன் பொழைக்கும். சொல்லலைன்னா செத்துச்சு. அதைச் சாகடிச்சதே நான்தான். பத்து நாளா போனைக் கையில எடுக்கறேன், வைக்கறேன். தைரியம் வரல.

முதல்லேர்ந்து சொல்றேன். அந்தக் காலத்துல வாரப் பத்திரிகையில தொடரா வந்த நாவல் ஒண்ணு. பேரு 'பன்னெண்டு மணிக்காரி'. எழுதினவரு ஒரு ரயில்வே குமாஸ்தா. பேய்க் கதைதான். ஆனா பாருங்க, அந்தப் பேய் ராத்திரி வராது. உச்சி வேளையில வரும். எங்க பக்கத்துல உச்சிப் பொழுதுல புளியமரத்துக்கிட்ட போகாதேம்பாங்கல்ல, அந்த நேரம். ஒரு பஞ்ச காலம். வெறகுக் கட்டைத் தலையில வச்சுக்கிட்டு ஒருத்தி பெரிய வீட்டு முன்வாசக் கதவைத் தட்டி, 'கொஞ்சம் தண்ணி'ங்கறா. கொல்லைப்பக்கம் வர வேண்டியவ வாசப்பக்கம் வந்துட்டா. உள்ள இருக்கற அம்மா யோசிக்கறா. கொடுக்கறதா வேணாமா, கொடுத்தா எதுல கொடுக்கறது. யோசிச்சுக்கிட்டே கதவைச் சாத்திடறா. இவ நாலு எட்டு நடந்து தெருவுல விழுந்து செத்துடறா. அதுலேர்ந்து தினம் பன்னெண்டு மணிக்கு அந்தக் கதவுல தட்டுற சத்தம். நாவல் பூரா அவ யாரையும் கடிக்க மாட்டா, கழுத்தை நெரிக்க மாட்டா. தட்டுவா. தண்ணி கேப்பா. அவ்வளவுதான்.

இதைப் படமா எடுக்கணும்னு எழுபத்தாறுல ஒரு முதலாளி கிளம்பினாரு. நான் அந்தக் கம்பெனியில காபி, டிபன் வாங்கிக் கொடுத்துக்கிட்டிருந்தேன். டைரக்டர் கதை சொல்றாரு. 'மணி பன்னெண்டு. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. கதவு தட்டுற சத்தம்...' அந்த நேரம் பாத்து யாரோ வெளியில டிபன் கேரியரை டங்குன்னு வச்சான். நான் 'ஐயோ அம்மா'ன்னு கத்தினேன் பாருங்க, கையிலேர்ந்த சாம்பார் வாளி முதலாளி வேட்டி மேல! வேலை போச்சுன்னே நினைச்சேன். முதலாளி வேட்டியைக்கூடப் பாக்கல. என்னைப் பாத்தாரு. 'இவனை வெளியில அனுப்பாதீங்கய்யா. இவன் எந்த இடத்துல கத்தறானோ அந்த இடத்துல இன்டர்வெல்' அப்படின்னாரு.

அன்னைக்கு ஆரம்பிச்ச உத்தியோகம். சீன் நோட்டுல நான் கத்தின சீனுக்கு ஓரத்துல 'ச'ன்னு ஒரு எழுத்து போடுவாங்க. 'ச' இருந்தா சீன் நிக்கும். இல்லைன்னா திரும்ப எழுதணும். கோடம்பாக்கத்துல பேய்ப் படம் எடுக்கறவங்க எல்லாரும் என்னைத் தேடி வர ஆரம்பிச்சாங்க. வீரனுக்கு மதிப்பு இருக்கற ஊர்ல ஒரு கோழையும் கௌரவமா வாழ்ந்தான்னா அது நான் ஒருத்தன்தான்.

ஆனா அந்த முதல் படத்துல ஒரு கூத்து. தண்ணி சீனுக்கு நான் கத்தினேன்ல, பெருசா 'ச' போட்ட சீன். அதையே முதலாளி தூக்கச் சொல்லிட்டாரு. அவரும் எங்க பக்கத்துல பெரிய வீட்டுக்காரரு. 'ஒரு வாய்த் தண்ணிக்கு ஏன்டா இவ்வளவுன்னு கேப்பான். இல்ல, ஏன்டா கொடுக்கலைன்னு கேப்பான். ரெண்டுமே நமக்கு வேணாம்'னாரு. அப்புறம் என்ன, வெறகுக்காரி போயிட்டா. ஜமீன் பையன் காதலிச்சு ஏமாத்தின பொண்ணு ஒருத்தி வந்தா. வெள்ளைப் புடவை, கிணறு, பௌர்ணமி, ஒரு பாட்டு. படம் நூறு நாள். முதலாளி செஞ்சது சரிதான்னு நானும் தலையாட்டினேன். ஒரு டம்ளர் தண்ணிக்குப் பேயாவாளா யாராவது? எங்க வீட்டுக் கொல்லையிலயும் வயல்லேர்ந்து வர்றவங்க கையைக் குவிச்சுக்கிட்டு நிப்பாங்க, எங்கம்மா சொம்பைத் தூக்கிப் பிடிச்சு மேலேர்ந்து ஊத்துவாங்க. டம்ளர்ல வாய் வச்சுக் குடிக்கறதுங்கற பேச்சே கிடையாது. அது வேற விஷயம், விடுங்க.

உங்களுக்கு நேரமாகுதா? இன்னும் எத்தனை வீடு? பதினாலா? இருக்கட்டும், கரண்ட் வந்ததும் போலாம். இந்த வெயில்ல எங்க போறீங்க.

ரெண்டாவது படம் தொண்ணூத்தஞ்சுல. வேற டைரக்டர், அதே நாவல். இப்ப பெரிய வீடு இல்ல, பிளாட். கதவுல பூதக்கண்ணாடி ஓட்டை. புருஷன் ஆபீஸ், பொண்டாட்டியும் ஆபீஸ், குழந்தையைப் பாத்துக்க ஆள் இல்ல. பன்னெண்டு மணிக்கு பேய் வந்து தண்ணி கேக்குது. குழந்தை கதவைத் திறந்து விட்டுடுது. அதுலேர்ந்து தினம் பகல்ல பேய்தான் அந்த வீட்டுக்கு அம்மா. ஒரு நாள் புருஷன் திடீர்னு மத்தியானம் வீட்டுக்கு வர்றான். பேய் சோறு போடுது. சாப்பிடறான். ரசம் கேக்கறான். மோர் கேக்கறான். சோறு போடறது பொண்டாட்டி இல்லன்னு அவனுக்குத் தெரியவே இல்ல. ஏன்னா அவன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கல.

நான் கத்தின கத்துல கீழ் வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க.

அப்பத்தான் அபயா டெலிபோன் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். அது வேற விஷயம். அன்னைக்கு நேரா வீட்டுக்குப் போய், 'நீ வேலையை விட்டுடு'ன்னேன். ஏன்னு கேட்டா. சீனைச் சொன்னேன். முழுசாக் கேட்டா. கேட்டுட்டு, 'அந்தப் பேய்க்குத்தான் பாவம், எவ்வளவு கஷ்டம். நாளைக்கு நானே போட்டாலும் நீங்க யாருன்னு பாக்கப் போறதில்ல. கை கழுவிட்டு வாங்க'ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. வேலையை விடல. நல்ல வேளையா விடல. படம் இல்லாத வருஷமெல்லாம் அவதான் வீட்டை ஓட்டினா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்தப் படத்துக்கு ஒரு க்ளைமாக்ஸ் சொன்னேன். பொண்டாட்டி ராஜினாமா லெட்டரைக் கிழிச்சு... இல்ல இல்ல, லெட்டரை எழுதிக் கொடுத்துட்டு வந்து குழந்தையை அள்ளிக்கறா, தாலியைக் கண்ணுல ஒத்திக்கறா, பேய் போயிடுது. தியேட்டர்ல தாய்மார்கள் கூட்டம் அலைமோதுச்சு. பேய்ப் படத்துக்கு நான் கொடுத்த ஒரே ஐடியா அது. அபயா கடைசி வரைக்கும் அந்தப் படத்தைப் பாக்கவே இல்ல.

மூணாவதுல என் உத்தியோகம் போச்சு. ரெண்டாயிரத்துப் பதிமூணு. அந்த நேரம் பேய்னாலே சிரிப்புன்னு ஆயிடுச்சு. எல்லாப் பேயும் டான்ஸ் ஆடுது. டிஸ்கஷன்ல பன்னெண்டு பேரு, எல்லாம் சின்னப் பசங்க, எல்லார் கையிலயும் லேப்டாப்பு. சீன் இதுதான். அபார்ட்மென்ட்ல பேய் வந்து கதவைத் தட்டி, 'தண்ணி'ங்குது. செகரட்டரி பனியனோட வந்து, 'லாரி நாளைக்குத்தான் வரும், போயிட்டு வாங்க'ங்கறாரு. ஒவ்வொரு கதவா தட்டுது. ஒரு வீட்லயும் சொட்டுத் தண்ணி இல்ல. கடைசியில பேய் எல்லாரோடயும் காலிக் குடத்தைத் தூக்கிக்கிட்டு கியூவுல நிக்குது. பன்னெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. நான் கத்திட்டேன்.

பன்னெண்டு பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. காமெடி சீனுக்குக் கத்தறாரே, பெருசுக்கு வயசாயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க. மறுநாள் கூப்பிடல. அதுக்கப்புறம் கூப்பிடவே இல்ல. நீங்களே சொல்லுங்க, கேக்கறவங்க இருக்காங்க, கொடுக்கத் தண்ணியே இல்லைன்னா அதுல சிரிக்க என்ன இருக்கு? இந்த பிளாட்டை வாங்கறப்போ பில்டர்கிட்ட, பேப்பர்ல ஏரிக்கரைன்னு போட்டிருக்கே, ஏரி எங்க சார்னு கேட்டேன். 'அது மேலதான் நிக்கறீங்க'ன்னாரு. பெருமையாச் சொன்னாரு. நானும் பெருமையா வாங்கினேன். அது வேற விஷயம்.

இப்ப நாலாவது. நிறைமதின்னு ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், டைரக்டர். டிவியில, போன்ல எல்லாம் வருதே, அந்த மாதிரி படம். எங்கேயோ பழைய சீன் நோட்டு ஒண்ணு அதுக்குக் கிடைச்சிருக்கு. ஓரத்துல 'ச', 'ச'ன்னு பாத்துட்டு, யாருய்யா இந்த 'ச'ன்னு விசாரிச்சு என்னைப் பிடிச்சிடுச்சு. 'சார், ஒரே நாவல், மூணு படம், மூணுலயும் பேய் வேற. முதல் படத்துக்காரங்க எதை மறைச்சாங்களோ அதுக்குப் பயந்திருக்காங்க, ரெண்டாவதுல வேலைக்குப் போற பொண்ணுக்குப் பயந்திருக்காங்க, மூணாவதுல தண்ணி இல்லாம போறதுக்குப் பயந்துட்டு சிரிச்சு மழுப்பியிருக்காங்க. நீங்க மட்டும் மூணு தடவையும் சரியான இடத்துல கத்தியிருக்கீங்க'ன்னுச்சு. படிச்ச பொண்ணு. நான் என்ன சொல்றது? 'ஆமாம்மா, அதெல்லாம் யோசிச்சுத்தான் கத்தினேன்'னேன்.

பத்து நாளைக்கு முன்னாடி வரச் சொல்லி, தனியா உக்கார வச்சுக் கதை சொல்லுச்சு. நோட்டும் பேனாவும் மடியில. 'சார், நீங்க கத்தினாத்தான் சீன் நிக்கும்'னுடுச்சு. தெம்பா உக்காந்தேன். பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தி என்னைக் கத்தச் சொல்லிக் கேக்கறா.

சீன் என்னன்னா, ஒரு அபார்ட்மென்ட். அதுல ஒரு வயசான ஆளு, தனியா. பொண்டாட்டி போயிட்டா. தினம் பன்னெண்டு மணிக்கு மேசையில ரெண்டு டம்ளர்ல தண்ணி எடுத்து வச்சுட்டு, யாராவது தட்ட மாட்டாங்களான்னு உக்காந்திருக்கான். சாமான் கொண்டு வர்றவன் வாசல்ல வச்சுட்டு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடறான். பக்கத்து வீட்டுக்காரங்க போன்லயே குட் மார்னிங் அனுப்பிடறாங்க. பேய்கூட வரல. ஒரு நாள் அந்த ஆளு எழுந்து வெளியில போறான். கதவைச் சாத்திக்கறான். தன் வீட்டுக் கதவையே தட்டறான். தட்டிட்டு, 'கொஞ்சம் தண்ணி'ங்கறான். உள்ளேர்ந்து யாரும் திறக்கல. நின்னுக்கிட்டே இருக்கான்.

அதோட சீன் முடிஞ்சுது. அந்தப் பொண்ணு என் மூஞ்சியையே பாக்குது. நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். கத்தல டீச்சரம்மா. தொண்டை வரைக்கும் வந்துச்சு, அடக்கிட்டேன். கத்தினா, ஏன் சார் கத்தினீங்கன்னு கேக்கும். அதுகிட்டயும் நான் சம்சாரம் வீட்ல இருக்கான்னுதான் சொல்லி வச்சிருந்தேன். அதனால கொட்டாவி விட்டேன். 'இதுல பயப்பட என்னம்மா இருக்கு? கிழவன் கதவைத் தட்டறான், திறக்க ஆள் இல்ல, சாவியைப் போட்டுத் திறந்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே'ன்னேன். அதுக்கு முகம் சின்னதாயிடுச்சு. நோட்டுல குறுக்க ஒரு கோடு போட்டுச்சு. இப்ப அதுக்குப் பதிலா லிஃப்ட்லேர்ந்து நீள நகத்தோட ஒரு கை வருதாம். அதுக்கு நான் கத்தினேன். சும்மா கத்தினேன். அம்பது வருஷத்துல முதல் பொய்க் கத்தல்.

முதலாளியைப் பத்திக் கேலியா சொன்னேன்ல, தண்ணி சீனுக்குப் பயந்து தூக்கிட்டாருன்னு? நானும் அதேதான் செஞ்சிருக்கேன். இதைச் சொல்றப்பத்தான் எனக்கே தெரியுது.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? போன சித்திரையில நான் வெளியில போய் இந்தக் கதவைத் தட்டிப் பாத்தேன். சத்தம் உள்ள சமையக்கட்டு வரைக்கும் கேக்குதான்னு சரி பாக்கத்தான். அது வேற... இல்ல. அது வேற விஷயம் இல்ல டீச்சரம்மா. அதேதான்.

ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கீங்களா? நீங்க பக்கத்துல இருக்கறப்பவே பேசிடறேன். தனியா இருந்தா திரும்பவும் வச்சுடுவேன்.

ஹலோ... நிறைமதியாம்மா? சட்டநாதன் பேசறேன். நல்லா இருக்கேன். அம்மா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்... அந்தக் கிழவன் சீன்... இல்லம்மா, போர் இல்ல. பயந்தேன். ரொம்ப பயந்தேன். இப்பவும் பயந்துக்கிட்டுத்தான் பேசறேன்... ஏன்னா... ஏன்னு அப்புறம் சொல்றேன், நேர்ல வா. வீட்டுக்கு வா. வந்தா பெல் அடிக்காதே, தட்டு... கோடு போட்டுட்டேன்னு அழறியா? கோட்டுக்குப் பக்கத்துல ஒரு 'ச' போட்டுக்க. பெருசா போடு. சரிம்மா. வைக்கறேன்.

சொல்லிட்டேன்.

எழுந்துட்டீங்களா? இருங்க. அந்த ஃபாரத்துல ரெண்டு பேருன்னு போட்டீங்கல்ல, அதை அடிச்சுடுங்க. ஒண்ணுன்னு போடுங்க. அபயா கடைக்குப் போகல. வர்ற ஆடி வந்தா ரெண்டு வருஷம். மத்தியானம் சோத்தைப் போட்டு மூடி வச்சுட்டு, கொஞ்சம் படுக்கறேன்னா. நான் சாப்பிட்டேன். தட்டைப் பாத்துத்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு வந்துதான் அவளைப் பாத்தேன். ஒண்ணுன்னு போட்டுட்டீங்களா? சரி. அரசாங்கத்துக்குச் சொல்லியாச்சு.

இன்னும் மேசையைத்தான் பாக்கறீங்க. என்ன டீச்சரம்மா...

ஐயோ. நீங்க தண்ணி கேட்டீங்கல்ல? வாசல்லயே கேட்டீங்களே! மூணு மாடி ஏறி வந்து, காலி பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு. முக்கால் மணி நேரம். தண்ணி கொடுக்காதவங்க கதையை, தண்ணி கொடுக்காமயே சொல்லியிருக்கேன். எதிர்ல ரெண்டு டம்ளர் நிறைய இருக்கு, நீங்களும் அதையே பாத்துக்கிட்டு மரியாதைக்கு உக்காந்திருக்கீங்க. கேட்டிருக்கலாம்ல இன்னொரு தரம்? இல்ல, நீங்க ஏன் ரெண்டு தரம் கேக்கணும்.

உக்காருங்க. அந்த வாசல் பக்கம் வேணாம், இங்க மேசைகிட்ட வாங்க. இந்தாங்க, இது அபயாவோட டம்ளர். என்னம்மா, ஏன் தூக்கறீங்க? தூக்கிக் குடிக்க வேணாம். வாய் வச்சே குடிங்க.